"உடைக்கல சார், கழற்றுனேன்!"



தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் நம் பினாங்கு, கெடா வட்டாரத்தில் அரிது. காவடி பார்த்து, தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்து, முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வரும் வழியில் பிள்ளை ஒரு கடைமுன் நின்றுவிடும். அங்கே வரிசையாகப் பொம்மைக் காடிகள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் பாய்ந்தோடும் காடி. பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனமிளகி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தக் காடி எத்தனை நாள் ஓடுகிறது? சில வேளைகளில் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் பெரியிலேயே ஒரு சக்கரம் கழன்றுவிடும். வீடு போய்ச் சேர்ந்து இரண்டு நாளில் பிள்ளை அதைப் பிரித்துப் போட்டிருப்பான். நாம் என்ன செய்கிறோம்? "காசு கொடுத்து வாங்கியதை இப்படி உடைத்துவிட்டாயே!" என்று முதுகில் இரண்டு வைக்கிறோம். காடி குப்பைக்குப் போகிறது.

நானும் அப்படித்தான் இருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிவரும் ஆசிரியன் நான். இந்தக் கட்டுரை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறது.

தாய் சொன்ன சொல்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். படிப்பில் நடுத்தரம். கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவன் மேசைக்கடியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். போய்ப் பார்த்தால், பொம்மைக் காடி ஒன்று துண்டுதுண்டாகக் கிடந்தது. அதுவும் அவனுடையதன்று, பக்கத்துப் பையனுடையது. எனக்குக் கோபம் வந்தது. "ஏன்டா உடைத்தாய்?" என்று அதட்டினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "உடைக்கல சார், கழற்றுனேன்" என்றான்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்து, துண்டுகளையெல்லாம் பறித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அம்மாவை அழைத்து வரச் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தத் தாய் வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடை மாற்றாமல் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பக்கத்துப் பையனின் காடிக்குப் பணம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னார்:

"மன்னிச்சிருங்க சார். வீட்டுலயும் இப்படித்தான். அலாரம் கடிகாரம் போச்சு, அவங்க தாத்தா டார்ச்லைட் போச்சு. ஆனா ஒண்ணு சார். நான் பன்னெண்டு வருஷமா பேக்டரியில வேலை செய்றேன். ஒரு நாளைக்கு எத்தனையோ சாமான் என் கையில வந்து போவுது. நான் முடுக்குறது ஒரே ஒரு திருகாணி. அதுக்குள்ள என்ன இருக்கு, அது எப்படி வேலை செய்யுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல, நானும் கேக்கல. இவன் கேக்குறான். அத தப்புன்னு அடக்குறதா, சரின்னு விடுறதா, எனக்கே தெரியல சார்."

அவர் போன பின்பு நான் நெடுநேரம் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைப்பதற்கும் கழற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்து வயதுப் பிள்ளை எனக்குச் சொல்லியிருக்கிறான். பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிய எனக்கு அது விளங்கவில்லை.

பெரியவர்களும் கழற்றித்தான் கற்றார்கள்

செய்து முடித்த ஒரு பொருளைக் கழற்றி, அது எவ்வாறு செய்யப்பட்டது என்று பின்னோக்கிப் போய் அறிவதைப் பொறியியலில் ஒரு தனிக் கலையாகவே வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பொறியாளர் முதலில் வரைவார், பிறகு செய்வார். இங்கே செய்த பொருளிலிருந்து வரைபடத்திற்குத் திரும்பிப் போகிறோம். பிறகு, "இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா?" என்று கேட்டு மறுபடி வடிவமைக்கிறோம்.

ஜப்பானில் நெசவுத்தறி செய்துகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த கிய்ச்சிரோ டொயோடா என்பவர், கார் செய்ய ஆசைப்பட்டு அமெரிக்க செவ்ரோலே கார் ஒன்றை வாங்கி அக்கக்காகக் கழற்றிப் படித்தார். 1935-இல் அவருடைய முதல் மாதிரிக் கார் உருவாயிற்று. 1936-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் டொயோத்தா கார்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் புரோட்டோன் சாகா காரில் பாலத்தைக் கடந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தச் சாகா, ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் காரை அடிப்படையாகக் கொண்டு, அந்நிறுவனத்தின் உடன்பாட்டோடு செய்யப்பட்டது. பிறர் செய்ததை அருகிருந்து கற்று, தாமே வடிவமைத்த கார் என்று சொல்லத்தக்க வாஜாவைக் கொண்டுவர 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. கற்பதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் கழற்றிப் பார்க்காமல் கற்க முடியாது.

பொம்மைக் காடிகளிலும் இதே கதைதான். லண்டனில் லெஸ்னி என்ற சிறு நிறுவனம் இருந்தது. அதன் பொறியாளர் ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதியாம். மகளுக்காக அவர் தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு சின்னஞ்சிறு ரோடு ரோலரைச் செய்தார். அதிலிருந்து 1953-இல் 'மேட்ச்பாக்ஸ்' காடிகள் பிறந்து உலகெங்கும் பரவின.

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' காடிகளைக் கொண்டுவந்தது. அவற்றின் சக்கர அமைப்பை வகுத்தவர்களில் ஜாக் ரயன் என்பவர் முன்பு ஏவுகணைப் பொறியியலில் பணியாற்றியவர். மெல்லிய கம்பி அச்சும் உராய்வு குறைந்த பிளாஸ்டிக்கும் வைத்ததால் அந்தக் காடிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. மேட்ச்பாக்ஸ் காடிகள் பின்தங்கின. அவர்கள் சும்மா இருந்தார்களா? தங்கள் சக்கரங்களையும் அச்சுகளையும் மாற்றி வடிவமைத்து, மறு ஆண்டே 'சூப்பர்பாஸ்ட்' என்ற பெயரில் புதிய வரிசையைக் கொண்டுவந்தார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஹாட் வீல்ஸ் காடி இருந்தால் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். பலவற்றில் 'மலேசியா' என்று பொறித்திருக்கும். மேட்டலின் தொழிற்சாலை நம் பிறையில்தான் இருக்கிறது. உலகப் பிள்ளைகள் விளையாடும் காடி நம் வாசலில் உருவாகிறது. நம் பிள்ளை அதைக் கழற்றினால் அடி வாங்குகிறான்!

தாத்தா வந்தார்

நம் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றொரு பாடம் உண்டு. அந்தப் பாடவேளையில் இதையே ஒரு திட்டமாகச் செய்யலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். இணங்கினார். ஒரே மாதிரியான இழுத்துவிடும் காடிகள் ஐந்து வாங்கினோம். நான்கு நான்கு பேராக ஐந்து குழுக்கள்.

எனக்கோ திருப்புளி பிடித்துப் பழக்கமில்லை. சிறுவயதில் அப்பாவின் வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்ததற்கு வாங்கிய அடியோடு அந்த ஆசை போயிற்று. ஆகவே அந்தப் பையனின் தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்தேன். தோட்டத்து ரப்பர் ஆலையில் நெடுங்காலம் பிட்டராக இருந்தவர். எந்தச் சான்றிதழும் இல்லை. ஆனால் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லக்கூடியவர் என்று தோட்டத்தில் பேர்.

அவர் பிள்ளைகளிடம் முதலில் சொன்னது இதுதான்: "கழற்றுறது பெருசில்லப்பா. கழற்றுன வரிசைய மறக்காம இருக்கிறதுதான் பெருசு. எது கடைசியா வெளிய வந்துச்சோ அது முதல்ல உள்ள போவணும்."

அதற்கு அவர் ஒரு வழியும் சொன்னார். பழைய முட்டைத் தட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் எண் எழுதி, கழற்றும் வரிசைப்படியே துண்டுகளை வைக்கச் செய்தார். நான் ஒவ்வொரு படியையும் பிள்ளைகள் படமாக வரையச் சொன்னேன். இப்படியாக அவருடைய கையறிவும் என் காகித அறிவும் ஒன்று சேர்ந்தன.

காடிக்குள் என்ன இருக்கிறது?

திறப்பதற்கு முன்பே ஓடவிட்டு அளந்தோம். ஒரு சாண் பின்னால் இழுத்து விட்டால், வகுப்பறை சிமெண்டுத் தரையில் ஏறக்குறைய மூன்று மீட்டர் ஓடியது. மூன்று முறை ஓடவிட்டுச் சராசரி எடுத்தோம். அதே காடியை வெளியே செம்மண் பாதையில் விட்டால் அரை மீட்டரும் போகாமல் நின்றது.

"ஒரு சாண் இழுத்தால் எப்படி சார் மூணு மீட்டர் ஓடுது? மிச்சம் எங்கேயிருந்து வருது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. விடை உள்ளே இருந்தது.

காடியின் வயிற்றில் ஒரு சிறு பெட்டி. அதனுள் ஒரு சுருள்வில்லும் நாலைந்து பற்சக்கரங்களும். பின்னால் இழுக்கும்போது சக்கரம் சுழன்று, பற்சக்கரங்கள் வழியாகச் சுருள்வில்லை முறுக்குகிறது. விட்டதும் சுருள் விரிந்து சக்கரத்தைத் திருப்புகிறது. ஆனால் போன வழியே வருவதில்லை. ஒரு சிறு பற்சக்கரத்தின் அச்சு, வட்டத் துளையில் இல்லாமல் நீண்ட துளையில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இழுக்கும்போது அது ஒரு பக்கம் நகர்ந்து ஒரு பல்லோடு சேர்கிறது. முன்னால் போகும்போது மறுபக்கம் நகர்ந்து வேறு வழியில் சேர்கிறது. அதனால் முறுக்கும்போது சக்கரம் சில சுற்று. விரியும்போது சக்கரம் பல சுற்று.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: "இழுக்கும்போது கைக்குக் கனமாக இருக்கிறதல்லவா? அதிக பலத்தைக் குறைந்த தூரத்தில் கொடுக்கிறாய். காடி அதைச் சிறுகச் சிறுக, நீண்ட தூரத்திற்குச் செலவழிக்கிறது. ஒரே நாளில் கைக்கு வரும் சம்பளத்தை உன் அம்மா மாதம் முழுதும் நீட்டிச் செலவழிப்பதில்லையா, அதுபோல." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் விளங்கியது.

பெரிய சக்கரம் தோற்ற கதை

இனி மறுவடிவமைப்பு. "நம் வீட்டு வாசலில் சிமெண்டு இல்லை. செம்மண்ணில் ஓடும் காடி வேண்டும்." இதுதான் பிள்ளைகளே வைத்துக்கொண்ட குறிக்கோள்.

பழைய சக்கரம் 20 சென் நாணயத்தின் அளவு. சிறு கல்லில்கூடத் தடுக்கியது. "பெரிய சக்கரம் போட்டால் சரியாகிவிடும்" என்று எல்லாக் குழுவும் ஒருமனதாக முடிவு செய்தன. ஒரு குழு பெரிய புட்டியின் மூடிகளைப் பொருத்தியது. காடி பார்க்கக் கம்பீரமாக இருந்தது. இழுத்துவிட்டார்கள். ஓர் அங்குலம் அசைந்து நின்றது!

முகங்கள் வாடிவிட்டன. எனக்கும் காரணம் உடனே தெரியவில்லை. எல்லாரும் உட்கார்ந்து யோசித்தோம். சக்கரம் பெரிதாக ஆக, அதன் விளிம்பில் தரையைத் தள்ளும் பலம் குறைகிறது. போதாக்குறைக்கு, ஒரு சாண் இழுக்கும்போது பெரிய சக்கரம் குறைவாகவே சுழல்கிறது. ஆகவே சுருள்வில்லும் குறைவாகவே முறுக்கேறுகிறது. இரண்டு பக்கமும் இழப்பு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது காடிக்கும் பொருந்தும்.

பிறகு குடிநீர்ப் புட்டியின் மூடியைப் போட்டார்கள். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். ஓடியது, ஆனால் பின்சக்கரம் வழுக்கியது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் பின்சக்கரத்துக்கு மட்டும் மாட்டினார்கள். முன்சக்கரத்துக்கு உறிஞ்சுகுழாய்த் துண்டுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து அச்சாக்கினார்கள். காடி இலேசாக இருந்ததால் பின்பக்கம் துள்ளியது. தாத்தா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய இரும்பு நட்டை எடுத்துப் பின்னச்சுக்கு மேலே ஒட்டச் சொன்னார். துள்ளல் நின்றது.

முடிவு என்ன? செம்மண் பாதையில் ஒன்றரை மீட்டர் ஓடியது. சிமெண்டுத் தரையிலோ முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஓடியது. ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து தெரிந்துகொண்டார்கள். ஐந்து காடிகளில் ஒன்றில் பற்சக்கரத்தின் பல் போய், அது திரும்ப ஓடவேயில்லை. அந்தக் குழுவுக்கும் குறைவான மதிப்பெண் கொடுக்கவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவர்கள் வரைந்த படம்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது.

ஜார்ஜ்டவுன் பயணம்

திட்டம் முடிந்ததும் பிள்ளைகளை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போனோம். கொம்தார் கட்டடத்தில் 2016 முதல் 'டெக் டோம்' என்னும் அறிவியல் கூடம் இருக்கிறது. தொட்டுப் பார், இயக்கிப் பார் என்று பிள்ளைகளை அழைக்கும் இடம். "தொடாதே" என்று கேட்டே பழகிய நம் பிள்ளைகள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பும்போது பெரியில், தூரத்தில் தெரிந்த பினாங்குப் பாலத்தைக் காட்டினேன். என் மாணவன் கேட்டான்: "இத யாரு சார் கட்டுனாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அவனே திருத்திக்கொண்டான்: "இல்ல சார், யாரு வரைஞ்சாங்க?"

வாசகர்களே, கட்டியவர் வேறு, வரைந்தவர் வேறு என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. இதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வளாகம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. தோட்டங்களிலிருந்து நம் பெண்களும் பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ்களில் ஏறினார்கள். குடும்பங்கள் நிமிர்ந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பொருத்தும் வேலையாக மட்டும் தொடங்கிய அந்த நிறுவனங்களில் இன்று வடிவமைப்பு வேலையும் நடக்கிறது. அந்த மேசைகளில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டாமா? 1989-இல் தொடங்கிய பினாங்குத் தொழில்திறன் மேம்பாட்டு மையம், பெர்மாத்தாங் பாவிலுள்ள செபராங் பிறை பாலிடெக்னிக், தொழிற்கல்லூரிகள், அறிவியல் பல்கலைக்கழகம் என்று வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வாசலுக்குப் போகும் ஆசை மட்டும் பத்து வயதிலேயே முளைக்க வேண்டும். நாம் அதை அடித்துக் கிள்ளிவிடக்கூடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய செலவில்லை. இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அர்விந்த் குப்தா, தூக்கி எறியும் பொருள்களிலிருந்தே அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர். அதற்காகவே அறியப்பட்ட அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் முன்னோரும் நுங்குக் கூந்தலில் வண்டி செய்தவர்கள்தாமே!

பழுதான பொம்மைகளைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். அதுதான் பிள்ளைக்குக் கழற்ற அனுமதிக்கப்பட்ட பெட்டி. ஒரு சிறு திருப்புளியும் ஒரு முட்டைத் தட்டும் போதும். கழற்றும் முன் "எப்படி ஓடுகிறது என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். கழற்றிய பின் படம் வரையச் சொல்லுங்கள். பிறர் பொருளைக் கேட்காமல் கழற்றக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். பிறர் கண்டுபிடிப்பை அப்படியே நகலெடுத்து விற்பதும் தவறு. அதற்கு 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கற்பதற்காகக் கழற்றுவது வேறு, களவாடுவது வேறு.

கவனமும் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் எதையும், தொலைக்காட்சி, கைப்பேசி இவற்றையும் பிள்ளைகள் திறக்கக்கூடாது. சுருள்வில் திடீரென்று தெறித்துக் கண்ணில் படலாம்; பெரியவர் அருகில் இருக்கட்டும். பொத்தான் அளவு பேட்டரியும் சிறு காந்தங்களும் சின்னக் குழந்தை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. எடுத்தவுடன் பத்திரப்படுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. திட்டத்தைப் பெற்றோருக்குக் காட்டிய நாளில் அந்தத் தாயும் வந்திருந்தார். காடியைத் திரும்பப் பொருத்தும்போது மகன், "அம்மா, கடைசி திருகாணிய நீங்க முடுக்குங்க. உங்க கைதான் வேகம்" என்று திருப்புளியை நீட்டினான். அவர் உடனே முடுக்கவில்லை. மூடியை மறுபடி திறக்கச் சொன்னார். சுருள்வில் எது, பற்சக்கரம் எது என்று மகனைக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் மூடி முடுக்கினார்.

"இந்தத் தடவ உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு முடுக்குனேன் சார்" என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை ஒரு பொம்மையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கை ஓங்கும் முன், தயவுசெய்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்ன பார்த்தாய், கண்ணு?"